வர்ணனையாளரை வளர்த்த வானொலி நாடகம்

கிரிக்கெட்டை வர்ணிக்க வேண்டுமானால் கிரிக்கெட் ஆடியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்று வேரூன்றிவிட்டது. ஓய்வுபெற்ற வீரர்களுக்கே ஒலிவாங்கி முதலில் நீட்டப்படுகிறது. தமிழ் நேர்முக வர்ணனைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது. இளமையை இலங்கையில் கழித்த அவருக்குக் குரலை ஆளக் கற்றுக்கொடுத்த இடம் இலங்கை வானொலி. நாடகத் தயாரிப்பாளர் 'சானா' சண்முகநாதனின் காலத்தில் அங்கே நாடகம் நடித்துப் பழகியவர், 1980இல் அகில இந்திய வானொலியில் கிரிக்கெட் வர்ணிக்கத் தொடங்கினார். 2020 டிசம்பரில் மறையும்வரை வர்ணனையாளராகவே தமிழுலகம் அவரை அறிந்திருந்தது.

நாடகத்துக்கும் வர்ணனைக்கும் என்ன தொடர்பு? ஒரேயொரு பந்தை எடுத்துக்கொள்வோம். பந்துவீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், பந்து எங்கே விழுந்தது, துடுப்பாட்டக்காரர் முன்னே வந்தாரா பின்னே போனாரா, அடி எந்தத் திசைக்கு, தடுப்பவர் யார், ஓட்டம் எத்தனை: இவ்வளவையும் அடுத்த பந்துக்கு முன் சொல்லி முடித்து, மொத்த ஓட்ட எண்ணிக்கையையும் நினைவூட்ட வேண்டும். பந்து எல்லைக்கோட்டை நெருங்கும்போது குரலும் கூடவே ஓட வேண்டும்; பிடி தவறினால் அந்தக் கணமே இறங்க வேண்டும். காட்சியே இல்லாத இடத்தில் குரலால் காட்சி கட்டுவது வானொலி நடிகருக்குக் கைவந்த வேலை.

இது தமிழுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவில் ஐஸ் ஹொக்கி வர்ணனையின் முன்னோடி பொஸ்டர் ஹியூவிட், 1923இல் ரொறொன்ரோவில் தன் முதல் ஆட்டத்தை ஒலிபரப்பியபோது இருபது வயதுப் பத்திரிகை நிருபர். இங்கிலாந்தின் ஜோன் ஆர்லட் பொலிஸ்காரராக இருந்து, பிபிசியில் இலக்கிய நிகழ்ச்சிகள் தயாரித்தவர். இருவருமே சொல்லோடு புழங்கி வந்தவர்கள்.

ஆட்டத்தின் நுணுக்கம் ஆடியவருக்குத்தானே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் வர்ணனையாளருக்குப் பக்கத்தில் விமர்சகர் ஒருவரை அமர்த்துகிறார்கள். விளக்குவது அவர் பொறுப்பு, காட்டுவது இவர் பொறுப்பு. தொலைக்காட்சி இருக்கும்போது வர்ணனை எதற்கு என்றும் கேட்பார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவரும் காலி வீதியில் பஸ் ஓட்டுபவரும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. திரை இருக்கும் இடத்திலும் தாய்மொழிக் குரலுக்கு வேலை உண்டு. கனடாத் தொலைக்காட்சியில் 2008இல் ஹொக்கி ஆட்டங்களுக்குப் பஞ்சாபி வர்ணனை தொடங்கியது. 2016 ஹொக்கி இறுதிச்சுற்றில் ஆட்டக்காரர் நிக் பொனினோ கோல் அடித்தபோது வர்ணனையாளர் ஹர்நாராயண் சிங் அவர் பெயரை மூச்சுவிடாமல் திரும்பத் திரும்ப முழங்கியதைப் பஞ்சாபி தெரியாதவர்களும் தேடிக் கேட்டார்கள். படம் எல்லோருக்கும் ஒன்றுதான். குரல்தான் அதை அவர்கள் மனதில் நிறுத்தியது.

ஆகவே நல்ல தமிழ் வர்ணனை வேண்டுமென்றால் முன்னாள் வீரர்களைத் தேடுவது மட்டும் போதாது. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையில் ஒடுங்கிப்போன வானொலி நாடகத்தை நம் ஒலிபரப்பு நிலையங்கள் மீட்டெடுத்து, இளையவர்களுக்கு அங்கே குரல் பயிற்சி கொடுக்க வேண்டும். ஜப்பாரை உருவாக்கிய வழி அதுதான்.