சீட்டின் இரண்டாவது கட்டம்
கண்ணும் கண்ணாடியும் – 9

கண் பரிசோதனைச் சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் உள்ளதைத்தான் எல்லோரும் 'என் பவர்' என்பார்கள். "மைனஸ் மூணு சார்" என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாவது, சிலிண்டர். மூன்றாவது, அந்தச் சிலிண்டர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஆக்ஸிஸ். கண்ணாடி போடுகிறவரை இவை மறந்துபோனாலும் குடி முழுகிவிடாது. சீட்டைப் பார்த்துக் கண்ணாடி செய்கிறவர் மூன்றையும் சேர்த்தே செய்துவிடுவார். கான்டாக்ட் லென்ஸுக்கு மாறும்போதுதான் வம்பு.

கிட்டப்பார்வைக்கான சாஃப்ட் லென்ஸ்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், கிட்டப்பார்வையோடு கொஞ்சமாக அஸ்டிக்மாட்டிசமும் இருப்பவர்கள். பாடப்புத்தகத்தில் இதைப் பார்வைச் சிதறல் என்று படித்திருப்பீர்கள். கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். மேல்கீழாக ஒரு வளைவு, பக்கவாட்டில் இன்னொரு வளைவு என்றிருந்தால், குவியும் இடமும் இரண்டாகிவிடும். இதைத் திருத்துவதற்குத்தான் அந்த இரண்டாவது கட்டத்துச் சிலிண்டர்.

ஓர் உதாரணம்: சீட்டில் −3.00, சிலிண்டர் −0.75, ஆக்ஸிஸ் 180. இளவயதினரிடம் சாதாரணமாகப் பார்க்கும் கணக்கு இது. மேல்கீழ் வளைவு சற்றே கூடுதல், அவ்வளவுதான். இவருக்குப் பல இடங்களில் சிலிண்டர் இல்லாத −3.25 லென்ஸைக் கொடுத்து அனுப்புவார்கள். சிலிண்டரில் பாதியை முதல் பவரோடு சேர்த்தால் −3.375 வரும், அதற்கு அருகில் கிடைப்பது −3.25. ஒரு திசையில் கொஞ்சம் கூடுதல், மறு திசையில் கொஞ்சம் குறைவு என்று இரண்டு பிழைகளையும் நடுவில் சமரசம் செய்து வைக்கிற முறை. ஏமாற்று வேலை இல்லை; எங்கும் நடைமுறையில் உள்ளதுதான். 0.50 சிலிண்டர் வரை பெரும்பாலானோருக்கு இது போதும்.

0.75-இல்தான் இழுபறி. போர்டில் கடைசி வரிவரை படித்துவிடுவார். 6/6 என்று எழுதி அனுப்பியும் விடுவார்கள். பத்து நாள் கழித்து வந்து, "எல்லாம் தெரியுது, ஆனா கண்ணாடியில பார்த்த மாதிரி இல்ல" என்பார். முன்னால் போகும் வண்டியின் நம்பரில் 3, 8 ஆகத் தெரிகிறது. பின்விளக்கு, மேலும் கீழுமாக இழுத்துவிட்ட கோடாகத் தெரிகிறது. இரவில் இது கூடுவதற்குக் காரணம் உண்டு. இருட்டில் கண்மணி விரியும். பகலில் சின்னத் துவாரத்தில் அடங்கியிருந்த மங்கல் அப்போது வெளிப்படும். போர்டு வெளிச்சமான அறையில் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது, சாலை அப்படி இல்லை. 6/6 என்ற ஒன்றை மட்டும் வைத்து இவர் வாயை அடைப்பது சரியல்ல என்பது என் கட்சி.

இந்தக் குறையை முதலில் விவரித்தவர் தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர். 1801-இல் வெளியான கட்டுரையில் தன் கண்ணையே ஆராய்ந்து எழுதினார். நாம் பேசும் முக்காலைவிட அவருக்குச் சிலிண்டர் நன்றாகவே கூடுதல். ஆனாலும் சோதனை செய்து பார்க்கும்வரை அப்படி ஒரு குறை இருப்பதே தெரியவில்லை, அதனால் தொந்தரவும் இல்லை என்கிறார். பிறந்ததிலிருந்து பழகிய மங்கல், மங்கலாகவே தோன்றாது. சிலிண்டரைத் திருத்திய கண்ணாடியைப் பல வருடம் போட்டவரின் கதை வேறு. தெளிவு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முக்கால் குறைந்தாலும் உறுத்துகிறது.

யங் செய்த இன்னொரு வேலை அபாரமானது. சின்ன மைக்ராஸ்கோப் லென்ஸ் ஒன்றின் குழாயில் தண்ணீர் நிரப்பி, அதைத் திறந்த கண்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். தண்ணீருக்குள் கார்னியாவின் வளைவு ஏறக்குறையச் செயலற்றுப்போகும். அப்படியும் சிதறல் மறையவில்லை. ஆக, கோளாறு கார்னியாவில் இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸில் என்று முடிவுகட்டினார். சிலிண்டர் கண்ணாடியைச் செய்வித்துப் போட்டுக்கொண்டவர் வானியலாளர் ஜார்ஜ் ஏரி; அது 1825-இல்.

யங்கின் தண்ணீர் வித்தையைத்தான் இன்றைய ஆர்.ஜி.பி. என்ற கெட்டி லென்ஸ் செய்கிறது. லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவில் கண்ணீர் நிரம்புகிறது. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கார்னியாவுடையது 1.376. இரண்டும் அருகருகே இருப்பதால் கார்னியாவின் சிதறலில் பெரும்பகுதி அங்கேயே காணாமல் போகிறது. சாஃப்ட் லென்ஸோ ஈரத்துணிபோலக் கார்னியாமேல் படிந்து, அதன் கோணலைத் தானும் வாங்கிக்கொள்கிறது. 'கொஞ்சம் தடிமனான சாஃப்ட் லென்ஸ் போட்டால் சிலிண்டர் மறைந்துவிடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், யங்குக்கு இருந்ததுபோல் கோளாறு உள்லென்ஸில் இருந்தால் கெட்டி லென்ஸும் கைகொடுக்காது.

சாஃப்ட் லென்ஸிலேயே சிலிண்டர் வேண்டுமானால் டோரிக் லென்ஸ். இது கண்ணுக்குள் சுழலாமல் நிற்க வேண்டும். பலவற்றில் அதற்காகவே அடிப்பக்கம் சற்றுக் கனமாக இருக்கும். விளக்கொளியில் உற்றுப் பார்த்தால், லென்ஸின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். பல லென்ஸ்களில் அது கடிகாரத்தின் 6 மணி இடத்தில் நிற்க வேண்டும். 10 டிகிரி விலகினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 30 டிகிரி விலகினால், திருத்த வந்த அளவுக்கே பிழை மிச்சம் நிற்கும். லென்ஸ் போட்டதும் போடாததும் ஒன்றுதான். டோரிக்கில் சிலிண்டர் பெரும்பாலும் 0.75-இலிருந்துதான் தொடங்குகிறது, விலையும் கூடுதல். ஆகவே முக்கால்காரர்கள் எல்லோரும் டோரிக்குக்கு ஓட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இரவில் வண்டி ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஸ்கிரீனில் சின்ன எழுத்துப் பார்க்கிறவர் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் 1.00 என்றால் யோசிக்கவே வேண்டாம், டோரிக்தான்.

ஒரு எச்சரிக்கை. கண் சிமிட்டியதும் தெளிந்து, சில நொடிகளில் மறுபடி மங்கினால், அது சிலிண்டர் இல்லாத லென்ஸில் பெரும்பாலும் கண் வறட்சி. சிமிட்டினாலும் மாறாத மங்கல்தான் நம் ஆள்.

சந்தேகம் தீர எளிய வழி இருக்கிறது. லென்ஸைப் போட்ட நிலையிலேயே அதன்மேல் டிரையல் ஃபிரேமை மாட்டி, உங்கள் ஆக்ஸிஸில் 0.75 சிலிண்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தூரத்து எழுத்து பளிச்சென்று மாறினால் டோரிக் கேளுங்கள். மாறவில்லையென்றால் காசை மிச்சம் பிடியுங்கள். எதுவானாலும், சோதனை லென்ஸோடு ஒரு நாள் இரவு தெருவில் நடந்து பார்க்காமல் பெட்டிக்குப் பணம் கட்டாதீர்கள்.