உளுத்த உத்தரத்துக்கு எஃகுத் துணை

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் சுமார் 20 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்காகத் தச்சர் ஹியூ ஹெர்லண்ட் 1393இல் தொடங்கிய ஓக் மரக் கூரை அதன்மேல் நிற்கிறது. சுவரிலிருந்து நீளும் குட்டை விட்டங்கள், அவற்றின்மேல் ஏறும் கால்கள், பெரிய வளைவுகள் வழியாகப் பாரம் சுவருக்கு இறங்குகிறது.

1913இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் பெய்ன்ஸ் அந்தக் கூரையைக் கிட்டத்தில் ஆராய்ந்தபோது, வெளியே திடமாகத் தெரிந்த சட்டங்கள் உள்ளே உளுத்துக் கிடந்தன. சில இடங்களில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து.

காரணம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத டெத்வாட்ச் வண்டு. வளர்ந்த வண்டு வசந்த காலத்தில் மரத்தில் தலையை மோதித் தட்டி இணையை அழைக்கும். சில வாரங்களில் செத்துவிடும். சேதம் செய்வது அதன் புழுதான். ஈரத்தாலும் பூஞ்சையாலும் மென்மையான ஓக்கை அது பத்தாண்டு வரைகூட உள்ளிருந்து தின்னும்.

கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டிருந்தால் ஹெர்லண்டின் வேலை அத்தோடு போயிருக்கும். பெய்ன்ஸ் அதைச் செய்யவில்லை. பழைய சட்டங்களுக்குப் பின்னே கண்ணில் படாதபடி எஃகுச் சட்டகங்களைப் பொருத்தி, பாரத்தை அவற்றின்மேல் ஏற்றினார். மாற்றியே ஆகவேண்டிய துண்டுகளுக்கு சசெக்ஸின் வாட்ஹர்ஸ்ட் பகுதியிலிருந்து ஓக் வந்தது; முதல் கூரைக்கும் அங்கிருந்தே மரம் வந்ததாகச் சொல்வார்கள். 1914இல் தொடங்கிய வேலை 1923 வரை நீண்டது. புழுவைக் கொல்லும் மருந்தை உருவாக்கியவர் பூச்சியியலாளர் மேக்ஸ்வெல் லெஃப்ராய். பூச்சி ஒழிப்பு நிறுவனமான ரென்டோகில் அந்த முயற்சியில் பிறந்ததுதான்.

இன்று சோதனை இன்னும் நுட்பமானது. மெல்லிய துளைப்பு ஊசி மரத்துக்குள் இறங்கும்போது ஏற்படும் எதிர்ப்பு வரைபடமாகப் பதிவாகும். கோடு சட்டென்று தாழ்ந்தால் அங்கே பொந்து. சுவருக்குள் புதைந்த உத்தர முனைதான் பெரும்பாலும் முதலில் இற்றுப்போகும். அந்தப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய மரத்தை வைத்து, இரண்டிலும் குடைந்த பள்ளங்களில் உலோகக் கம்பிகளை எபாக்சிப் பசையால் பதிக்கிறார்கள். உத்தரம் பாரத்தில் வளையும்போது இழுபடுவது அதன் அடிப்பக்கம். அங்கே எஃகுத் தகடோ கார்பன் இழைப் பட்டையோ ஒட்டினால் தாங்கும் திறன் கூடும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகக் கூரை ஒழுகலை அடைக்க வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை வளராது; பூஞ்சை தொடாத காய்ந்த ஓக் வைரத்தில் டெத்வாட்ச் புழு செழிப்பதும் அரிது.