தடம் விலகிய பயணமும் ஒரு கோப்பை ஒயினும்

1

'தடம் விலகிய பயணம்' என்றொரு சரக்கு சுற்றுலாச் சந்தையில் விலைபோகத் தொடங்கியிருக்கிறது. மீனாட்சியம்மன் கோவில், நாயக்கர் மஹால், அழகர்கோவில் என்ற செக்குமாட்டு வட்டம் அலுத்துப்போனவர்களுக்கான சரக்கு இது. கூட்டமில்லாத மலை, பெயர் கேள்விப்படாத குகை, பொழுதுசாய ஒரு திராட்சைத் தோட்டம், கடைசியில் நாலைந்து வகை ஒயினை நாக்கில் வைத்து ருசி பார்த்தல். வெளியூர் நண்பர்கள் சிலர் மதுரையிலிருந்து இப்படி ஒருநாளுக்கு வழி போட்டுத் தரச் சொன்னார்கள். வழி இருக்கத்தான் செய்கிறது. காலையில் நாகமலை ஓரமாக மேற்கே தேனிச் சாலையைப் பிடித்தால் கீழக்குயில்குடிச் சமணர் மலை, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர், கம்பம் என்று சுமார் 115 கிலோமீட்டர். வரலாறும் உண்டு, திராட்சையும் உண்டு.

இந்த ஒருநாள் பயணத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. 'தடம் விலகுதல்' என்பது யாருடைய தடத்திலிருந்து விலகுவது? 'ருசி பார்த்தல்' என்பது யாருடைய நாக்குக்கு அனுமதிக்கப்பட்டது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் அந்தச் சாலையிலேயே பதில் கிடக்கிறது.

ரோலான் பார்த் 1957-இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலில் இதற்கு உதவக்கூடிய இரண்டு சின்னக் கட்டுரைகள் உள்ளன. ஒன்று பயண வழிகாட்டி நூல்களைப் பற்றியது. வழிகாட்டி நூல் ஒரு நாட்டை நினைவுச் சின்னங்களின் பட்டியலாகச் சுருக்கிவிடுகிறது, அங்கே உழைத்து வாழும் மனிதர்கள் காட்சிக்குள்ளிருந்து காணாமல் போகிறார்கள் என்று அவர் சொல்கிறார். மற்றொன்று ஒயினைப் பற்றியது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தேசத்தின் குலக்குறியாகக் கொண்டாடும் ஒயினுக்குப் பின்னால் அல்ஜீரியா இருக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்த முஸ்லிம்கள், ரொட்டிக்கே வழியில்லாதபோது, தாங்கள் குடிக்காத ஒயினுக்காகத் தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட அதே நிலத்தில் திராட்சை வளர்க்க வேண்டியிருந்தது. சின்னமும் ஒயினும் ஒரே வேலையைச் செய்கின்றன: உழைத்தவனை மறைத்துவிட்டு மிச்சத்தை அழகாக்கித் தருகின்றன. நம்ம ஊர்க் கதை இதிலிருந்து ரொம்ப தூரமில்லை.

2

முதல் நிறுத்தம் கீழக்குயில்குடி. மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்ற குகை. வெளிப்பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே சிங்கத்தின் மேலிருந்து யானையோடு பொருதும் இயக்கி. மலைமேல் ஏறினால் பேச்சிப்பள்ளம், சுனையை ஒட்டி வரிசையாக எட்டுச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். கி.பி. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்னின்னார் செய்வித்த திருமேனி என்பதுதான் பெரும்பாலும் அவற்றில் இருக்கும் சேதி.

பெயர்களைக் கவனியுங்கள். நீண்ட காதோடு கால் மடித்து உட்கார்ந்திருப்பவரை ஜனங்கள் 'செட்டி' என்றார்கள். புடவு என்றால் குகை. தீர்த்தங்கரர் இருக்கும் சுனைக்குப் பேச்சியின் பெயரை வைத்தார்கள். தொல்லியல் துறைப் பலகை இதை அறியாமை என்பதுபோல ஒதுக்கிவிட்டுச் 'சமணர் சின்னம்' என்று எழுதும். எனக்கு அப்படிப் படவில்லை. சமணம் இந்தப் பகுதியிலிருந்து வழக்கொழிந்துபோன பிறகும் சிலைகளை உடைக்காமல், தங்கள் சாமிகளின் வரிசையில் இடம்கொடுத்து ஆயிரம் வருஷம் காப்பாற்றி வைத்தது இந்த வாசிப்புதான். அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிற தடம் அந்த ஊர்க்காரர்களுக்கு விலகிய தடமல்ல, அன்றாடத் தடம். வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் அது 'கண்டுபிடிப்பு'.

ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு வரலாறு உண்டு. பாறையில் வெட்டப்படாதது. 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், பிறமலைக் கள்ளர்களில் முதலில் பதிவு செய்யப்பட்டவர்கள் இந்தக் கீழக்குயில்குடிக்காரர்கள்தான், 1914-இல். ஜனங்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். ஆண்பிள்ளை வயசுக்கு வந்ததும் பத்து விரல் ரேகை. ராத்திரியில் காவல் நிலையத்திலோ கச்சேரிச் சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு. பொண்ணு பார்க்கப் போனாலும், இழவுக்குப் போனாலும் சீட்டு.

இப்போது 'தடம் விலகிய பயணம்' என்ற சொற்றொடரைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். தடம் விலகினால் சிறை என்றிருந்த ஊரிலிருந்து நம் உல்லாசப் பயணம் தொடங்குகிறது.

3

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட பதினாறு பேர் செத்தார்கள். ஊரில் நினைவுத் தூண் உண்டு. சுற்றுலாத் தாள்களில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட முடியாத நேரம். அதுக்குப் பாடப் புத்தகத்தில் இடம், இதுக்குச் சாலையில் ஒரு கைகாட்டிகூடப் பெரிசாக இல்லை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947-இல்.

அது கிடக்கட்டும், கதையை இங்கேயே முடித்துவிட்டால் அதுவும் ஒரு மறைப்புதான். ஒருகாலத்தில் மறிக்கப்பட்டவர்கள் வேறொரு காலத்தில் மறிப்பவர்களாகவும் இருக்கிறார்கள். இதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் பஞ்சாயத்துகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே ஒரு தலித் தலைவர் உட்கார முடியவில்லை. 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் எழுமலைப் பக்கம் உத்தப்புரம். அங்கே சுவர் எழுப்பியவர்கள் வேறு சாதியினர். தலித் குடியிருப்பைப் பொதுப்பாதையிலிருந்து வெட்டிய அந்தச் சுவரில் 2008 மே 6-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி விடப்பட்டது.

ஆக இந்தச் சாலையில் 'நடப்பது' என்பது இயல்பான காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்நேரத்தில் நடக்கலாம், யார் கையெழுத்தோடு நடக்கலாம் என்பதுதான் இந்தச் சமவெளியின் அரசியல் வரலாறு. அதைச் சொல்லாத பயண வழிகாட்டி, குகையையும் சிற்பத்தையும் எத்தனை துல்லியமாகச் சொன்னாலும், பொய்தான் சொல்கிறது.

4

கணவாய் தாண்டித் தேனி வந்து, சின்னமனூர் வழியாகப் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பெருமையாகச் சொல்கின்றன. அவை நிலக்கொடை ஆவணங்கள் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுவோம். நிலத்தை யார் உழுதார் என்பது செப்பேட்டின் கவலையல்ல.

கம்பத்தில் விளைவது பன்னீர் திராட்சை. கருநீலம், கொட்டையுள்ளது, நல்ல வாசனை. வெளிநாட்டில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்கிறார்கள். 2023-இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டுக் கொடியேற்றுகிறார்கள். கவாத்து செய்து நாலு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை மாற்றி மாற்றிச் செய்வதால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். பெரும்பகுதி தின்பதற்குச் சந்தைக்குப் போகிறது, கொஞ்சம்தான் ஒயினாகிறது.

இங்கே நம் மொழி ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைக்குத் தெருப்பெயர் 'ஒயின்ஷாப்'. அங்கே போய் ஒயின் கேட்டால் விற்கிறவரே ஏற இறங்கப் பார்ப்பார். குவாட்டர் பிராந்திதான் அங்கே நடப்பு. குடிப்பவன் 'ஒயின்ஷாப்'புக்குப் போனால் குடிகாரன். திராட்சைத் தோட்டத்தில் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் வைத்துக் கொப்பளித்துத் துப்பினால் ரசிகன். துப்ப முடிகிறவனுக்குத்தான் ருசி என்ற சொல் வழங்கப்படுகிறது. ருசி என்பது நாக்கின் இயல்பல்ல, வர்க்கம் தன்னைப் பிரித்துக் காட்டும் முறை என்று பியர் பூர்தியு விரிவாக எழுதினாரே, அதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

மதுரைக்கு ஒயின் புதிசில்லை. யவனர் கொண்டுவந்த நறுந்தேறலைப் பொற்கிண்ணத்தில் குடிக்கும் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். மதுரைக் காஞ்சி நகரத்துக் கொடிகளைச் சொல்லும்போது கள்ளுக்கடைக் கொடியையும் விட்டுவைக்கவில்லை. அரசனுக்கு இறக்குமதிச் சரக்கு, தெருவுக்குக் கள் என்ற பிரிவினை அப்போதே இருந்தது. வித்தியாசம் என்னான்னா, அன்று இரண்டுக்கும் கொடி பறந்தது. இன்று ஒன்று பண்பாடு, மற்றது குற்றம். 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் தடை. சீமைச் சரக்கு மட்டும் நின்றது. 2003-இல் அதன் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. மாநில மரம் பனை, அதன் கள் குற்றம். கம்பத்திலிருந்து மலையேறி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் குமுளி தாண்டினால் கேரளத்தில் 'கள்ளுஷாப்பு' உரிமம் பெற்று நடக்கிறது. எல்லைக்கோடு தாண்டியதும் குற்றம் தொழிலாகிவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்கு ஒழுக்கத்தில் மட்டும் விடை தேடினால் கிடைக்காது, பொருளின் தன்மையிலும் பார்க்க வேண்டும். திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்குகிறது, நூற்றுக்குப் பன்னிரண்டு போல வரும். அதைப் பீப்பாயில் வைக்கலாம், புட்டியில் அடைக்கலாம், ஊர் பெயரும் வருஷமும் ஒட்டலாம், கப்பலேற்றலாம். கள்ளோ பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் பட்டுப் புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சாராயம் நாலைந்து சதவீதம். மறுநாள் காடியாகிவிடும். ஒயினுக்கு வயசு கூடினால் விலை கூடும், கள்ளுக்கு ஆயுசே ஒருநாள். சேர்த்துவைக்க முடியாது, தூரத்துக்கு அனுப்ப முடியாது, மரத்துக்கு மரம் சிதறிக் கிடப்பதை ஒரு கிடங்கில் பூட்டி வரி வாங்குவது கஷ்டம். 1886-ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின் காலத்தில் வெள்ளைக்காரன் மரத்துக்கு மரம் அடையாளம் போட்டு மரவரி வாங்கித் திண்டாடினான். ஆலைச் சரக்கு அரசுக்கும் முதலாளிக்கும் ஒருசேரத் தோதானது. தோதில்லாத குடியும் அதை இறக்கும் மரமேறியும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். மரமேறிக்கு ஏற்கெனவே சாதி இழிவு இருந்தது, சட்டம் அதன்மேல் முத்திரை வைத்தது.

கள்ளைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. குடித்துவிட்டு வந்தவனிடம் அடிவாங்குகிற பெண்ணுக்கு, அது கள்ளா பிராந்தியா ஒயினா என்பது தத்துவப் பிரச்சினை இல்லை. மதுவுக்கெதிராகப் பெண்கள் கடையை மறிக்கும்போது அந்தக் கோபத்தின் பக்கம்தான் நிற்க வேண்டும். நான் கேட்பது வேறு. மதுவிலக்கின் அறம் ஏன் ஏழையின் கலயத்தைக் கண்டால் மட்டும் விழிக்கிறது? திராட்சைத் தோட்டத்துக் கோப்பைக்கு முன்னால் ஏன் அது பாரம்பரியம், நயம், சுற்றுலா வளர்ச்சி என்று வேறு பாஷை பேசுகிறது?

5

அப்படியானால் ஊர் சுற்றவே வேண்டாமா? வேண்டும். சுற்றுவது ஒரு உரிமை, அதுவும் சீட்டு வாங்கி நடந்த மண்ணில். ஆனால் வேறு மாதிரியும் சுற்றலாம் என்பதற்கு மதுரையிலேயே சான்று இருக்கிறது. 2010-ஐ ஒட்டி, யானைமலைக்கு ஆபத்து வந்தபோது உருவான 'பசுமை நடை' மாதந்தோறும் ஜனங்களை மலைகளுக்குக் கூட்டிப்போனது. கல்வெட்டைப் படித்துக் காட்டியது, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது. கண்ணால் பார்த்த மலையைக் கிரானைட்டுக்கு விட்டுக்கொடுக்க மனசு வராது.

மதுரைக்குக் கிழக்கே, மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் நடந்ததும் அதுதான். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரையும் உள்ளடக்கிய பகுதி 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தாயிற்று. சமணப் படுக்கையையும் தமிழி எழுத்தையும் காப்பாற்றியது பாரம்பரிய ரசனை இல்லை. அந்த மலையின் ஊற்றில் விவசாயம் பார்க்கிற, அந்த மலையில் சாமி கும்பிடுகிற ஜனங்களின் கால்கள்.

நண்பர்களுக்கு நான் போட்டுக்கொடுத்த தாளில் கீழக்குயில்குடிக்கும் கம்பத்துக்கும் நடுவே பெருங்காமநல்லூர்த் தூணும் உத்தப்புரத்துச் சுவரில் விடப்பட்ட வழியும் இருக்கின்றன. திராட்சைத் தோட்டத்தில் ஒயின் கிடைத்தால் குடிக்கட்டும், ஆட்சேபணை இல்லை. பந்தலுக்கடியில் கைதூக்கி நின்றபடியே குலை பறிப்பவருக்கும் மருந்தடிப்பவருக்கும் அன்றைக்கு என்ன கூலி என்பதையும் அங்கேயே விசாரித்துவிட வேண்டும். அந்தத் தகவல் இல்லாமல் ஒயினின் ருசியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதில் அர்த்தமில்லை.