மின் ரம்பம் வாங்கப் போகிறீர்களா?

நீங்கள் தச்சு வேலை செய்பவரா? கைரம்பத்தால் நாள் முழுக்க அறுத்தால் தோள் கழன்றுபோகும். வட்ட மின் ரம்பம் அந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் கையில் பணம் குறைவு. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உங்கள் வேலையைப் பாருங்கள். நிலை, ஜன்னல் சட்டம் செய்பவருக்கு 7 அங்குல பிளேடு வேண்டும். அது ஏறக்குறைய இரண்டரை அங்குல ஆழம் அறுக்கும். பிளைவுட் மட்டும் அறுப்பவருக்கு 5 அங்குலம் போதும்.

கல் அறுக்கும் 4 அங்குல மெஷின் மலிவாகக் கிடைக்கும். "மர பிளேடை மாட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். கல் மெஷினில் பிளேடின் கீழ்ப்பாதி திறந்தே இருக்கும். மர ரம்பத்தில் அங்கே ஒரு மூடி உண்டு. அறுக்கும்போது விலகும். ரம்பத்தை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். மரம் பிளேடைக் கவ்வினால் மெஷின் பின்னால் எகிறும். அப்போது விரல் தப்புவதற்கு இந்த மூடி வேண்டும். வாங்கும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் தள்ளிப் பாருங்கள். சட்டென்று திரும்ப வேண்டும்.

அடித்தகட்டையும் பாருங்கள். அது நெளிந்திருந்தால் வெட்டு நேராக வராது. கார்பன் பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அது தேயும் பொருள்.

மிச்சப் பணத்தில் கார்பைடு முனை வைத்த நல்ல பிளேடு வாங்குங்கள். 24 பல் பிளேடு கட்டையை வேகமாக அறுக்கும். பிளைவுட் ஓரம் சிலும்பாமல் இருக்க 40 பல்லாவது வேண்டும். பிளேடில் எழுதியுள்ள சுழற்சி வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால், அதை மாட்டக் கூடாது.