பிளஸ்-1ல் பள்ளி மாறினால் டாக்டர் சீட் கிடைக்குமா? கையில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு பறிபோகும்

தஞ்சாவூர்:

10-ம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், டெல்டா மாவட்டங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "கவர்ன்மென்ட் ஸ்கூல் போதும், நீட் கோச்சிங் இருக்கிற பிரைவேட் ஸ்கூலில் சேர்த்துவிடலாம்" என்று பெற்றோர் முடிவு எடுக்கிறார்கள். மேட்டூர் அணை திறந்து குறுவைக்குக் காசு தேடும் அதே நேரத்தில், நகையை அடகு வைத்து பீஸ் கட்டுகிறவர்களும் உண்டு.

ஆனால், டி.சி. வாங்கும் முன் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அந்த ஒரு டி.சி.யோடு 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் போய்விடும்.

6 முதல் 12 வரை

நீட் வந்த பிறகு அரசு பள்ளி பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு எட்டாக்கனி ஆனது. 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசு பள்ளி மாணவர்கள் வெறும் 6 பேர்தான். நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைக்குப் பிறகு, 2020-ல் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே 300-க்கும் மேற்பட்ட அரசு பள்ளி பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது.

2021-ல் என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது வந்தது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரி சீட்டை எதிர்பார்க்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் இது பெரிய பலம். இந்த ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் 2021-ல் அறிவிக்கப்பட்டது.

இதற்கு நிபந்தனை, 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பிளஸ்-1 மட்டும் வெளியே படித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் கிடையாது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை இலவசமாகப் படித்து, 9 முதல் 12 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கட்-ஆப் பள்ளியைப் பார்க்காது

அண்ணா பல்கலைக்கழக கவுன்சிலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் கட்-ஆப். எந்தப் பள்ளியில் படித்தாலும் கணக்கு ஒன்றுதான். 2007-ல் நுழைவுத்தேர்வு ஒழிந்ததில் இருந்து பிளஸ்-2 மார்க்குதான் பேசுகிறது.

டாக்டர் படிப்புக்கு நீட் மார்க். 7.5 சதவீதத்தில் போகிறவரும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும். நீட்டில் பிளஸ்-1 பாடமும் பாதி வரும். பிளஸ்-1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு 2 வருஷமும் பிளஸ்-2 பாடத்தையே உருப்போட வைக்கும் பள்ளியில் சேர்ந்தால், நீட்டில் திணற வேண்டியதுதான்.

வெளிமாநிலம் போனால்?

ஐ.ஐ.டி. கனவோடு ஆந்திரா பக்கம் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் தமிழகத்துக்கு. ஆனால் பிளஸ்-2 எந்த மாநிலத்தில் பாஸ் செய்தாரோ, அந்த மாநில மாணவராகத்தான் கணக்கு. பக்கத்து ஊர் என்.ஐ.டி.யிலேயே அந்தப் பிள்ளை வெளிமாநிலத்தவர் ஆகிவிடுவார்.

யாருக்கு லாபம்?

ஏற்கனவே தனியார் பள்ளியில் படிப்பவருக்கு 7.5 சதவீதம் இல்லை. நல்ல ஆசிரியர், நல்ல கோச்சிங் இருக்கும் பள்ளிக்கு அவர் மாறினால் இழப்பு இல்லை. ஐ.ஐ.டி.யை மட்டுமே குறி வைப்பவருக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

அரசு பள்ளி பிள்ளைக்கு மாறியே தீர வேண்டும் என்றால், அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது. 38 மாவட்டங்களிலும் உண்டு. விடுதியில் தங்கி நீட், ஜே.இ.இ. பயிற்சியும் பெறலாம். அதுவும் அரசு பள்ளி என்பதால் 7.5 சதவீதம் கையை விட்டுப் போகாது. பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறினாலும் இதே கதைதான்.

பீஸ் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. சேரப்போகும் பள்ளி அரசு பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகு டி.சி. வாங்குவது நல்லது.