பதும் இன்னொரு லே ஆகுமுன்

லடாக்கின் சான்ஸ்கர் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் பதும் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு கடைத்தெரு, சில விடுதிகள், சுற்றிலும் பார்லி வயல்கள். பனி விழுந்து கணவாய்கள் மூடிவிட்டால் உறைந்த சான்ஸ்கர் ஆற்றின் மேல் நாள்கணக்கில் நடந்துதான் வெளியே வர வேண்டும் என்பதே தலைமுறைகளாக அந்த ஊரின் நிலை. அது இப்போது மாறுகிறது. 2024 மார்ச்சில் நிம்மு–பதும்–தார்ச்சா சாலை இணைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஷிங்கு லா கணவாயின் அடியில் 4.1 கிலோமீட்டர் சுரங்கப்பாதைக்கு முதல் வெடி வைத்தார்கள். அடுத்த மாதமே சான்ஸ்கர் தனி மாவட்டமாகும் என்ற அறிவிப்பும் வந்தது. சுரங்கம் திறந்துவிட்டால் குளிர்காலத்திலும் வண்டி வரும்.

சாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. குளிர்காலத்தில் நோயாளியைக் கொண்டுபோக ஹெலிகாப்டருக்காகக் காத்துக்கிடந்த மக்கள் அவர்கள். சாலை வந்த பிறகு ஊருக்குள் இறங்கும் குழாயும் ஆழ்துளைக் கிணறும்தான் என் கவலை. அவை என்ன செய்யும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளாக அதே லடாக்கின் லே நகரம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

லேயில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். மழையை நம்பி அங்கே ஒரு கதிர்கூட விளையாது. ஊருக்கு மேலே, 5,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பனியாறுகளும் குளிர்காலப் பனியும் உருகி ஓடையாக இறங்கினால்தான் வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர். சற்றுக் கீழே சிந்து நதி ஓடுகிறது. ஆனால் ஊர் மேட்டில் இருக்கிறது; பம்பு வருவதற்கு முன் அந்த நதியால் லேக்குப் பெரிய பயன் இருந்ததில்லை.

அந்த உருகுநீரிலும் ஒரு சிக்கல் உண்டு. விதைக்க வேண்டிய காலம் ஏப்ரல், மே. உயரத்தில் இருக்கும் பனியாறு நன்றாக உருகித் தண்ணீர் தருவதோ ஜூனுக்குப் பிறகு. இடைப்பட்ட வாரங்களில் ஓடையில் வரும் மெல்லிய நீரை வைத்துத்தான் அந்த ஆண்டு விளைச்சலே முடிவாகும். இதற்காகத்தான் ஊர்தோறும் சுர்பொன் என்ற பொறுப்பாளரை வைத்தார்கள். நம் ஏரிப்பாசனத்து நீர்க்கட்டியைப் போல, எந்த வயலுக்கு எப்போது மடை திறப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். வாய்க்காலில் கல்லையும் மண்ணையும் புல்கட்டியையும் வைத்து அடைப்பதும், முறை வந்ததும் எடுத்துவிடுவதும் அவர் வேலை. யார் முறையை யார் திருடினாலும் ஊருக்கே தெரிந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் இதே கண்டிப்பு இருந்தது. பழைய லடாக்கி வீட்டின் கழிப்பறையைப் பார்த்தால் புரியும். மேல்தளத்தில் ஒரு சிறிய அறை. தரையில் செவ்வகமாக ஒரு துளை. மூலையில் மண் குவியல், அதில் குத்திவைத்த ஒரு மண்வாரி. போனவர் வெளியே வருமுன் இரண்டு வாரி மண்ணைத் துளைக்குள் தள்ளிவிட வேண்டும். கீழே, தரைமட்டத்தில், அது சேரும் அறை. அதற்கு வெளிப்புறமாக ஒரு சிறு கதவு. மட்கியதும் அந்தக் கதவைத் திறந்து அள்ளி வயலில் கொட்டுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. கழிவு நிலத்தடி நீரைத் தொடுவதில்லை. மலட்டு மணலுக்கு உரமும் கிடைத்தது. இவ்வளவு பொருத்தமான ஓர் ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் அங்கே இதுவரை மிஞ்சவில்லை என்பது என் எண்ணம்.

1974-இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. முதல் ஆண்டு வந்தவர்கள் சில நூறு பேர். 2022-இல் வந்தவர்கள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். 2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மொத்த மக்கள்தொகையே 2.74 லட்சம்தான். வந்தவர்களுக்கு அறையோடு இணைந்த குளியலறை, வெந்நீர் ஷவர், ஃப்ளஷ் கழிப்பறை எல்லாம் வேண்டியிருந்தன. விடுதிக்காரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு முறை ஃப்ளஷ் இழுத்தால் போவது 6 முதல் 10 லிட்டர். உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு நாளைக்கு 20 லிட்டர் சொச்சத்தில் சமாளிக்கும்போது சுற்றுலாப் பயணிக்கு 75 லிட்டர் தேவைப்படுகிறது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தத் தண்ணீரை ஓடை தர முடியாது. எனவே சிந்துக் கரையில் சோக்லம்சர் பக்கம் கிணறு இறைத்து, கட்டம் கட்டமாகப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றுகிறது அரசு. அதுவும் போதாமல் விடுதிகள் தத்தம் வளாகத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டன. பல ஆண்டுகளாக எவ்வளவு எடுக்கிறார்கள் என்று அளக்க மீட்டர்கூட இல்லை. ஒரு வாய்க்கால் மடையை அரை நாழிகை கூடுதலாகத் திறந்தாலே கேள்வி கேட்ட ஊரில், பூமிக்கு அடியிலிருந்து எடுப்பதை யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தண்ணீருக்கு சுர்பொன் இல்லை.

எடுப்பதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது திருப்பி விடுவது. பாதாளச் சாக்கடை நகரின் ஒரு பகுதியைத்தான் எட்டியிருக்கிறது. மற்ற இடங்களில் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்குப் போகிறது. லே பள்ளத்தாக்கின் அடிமண், பனியாறும் ஓடையும் கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும். அதில் நீர் வேகமாக இறங்கும். குளிரில் கழிவு மெதுவாகத்தான் மட்கும். ஒரே வளாகத்தில் இந்தப் பக்கம் குழி, அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு. இரண்டும் ஒரே சரளைப் படுகைக்குள்தான் இறங்குகின்றன.

குளிர்காலத்தில் உண்மை வெளிப்பட்டுவிடும். வெப்பநிலை மைனஸ் 20-ஐ நெருங்கும்போது குழாய்கள் உறைகின்றன. விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும். தெருக்குழாயிலும் டேங்கர் லாரியிலும் பிடித்த தண்ணீரில் ஊர் ஓடுகிறது. ஃப்ளஷ் வைத்த வீட்டுக்காரர்களிலும் பலர் பழைய உலர் கழிப்பறையை இடிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் இல்லாத நாட்டில் தண்ணீராலேயே ஊர் அழிந்ததும் நடந்திருக்கிறது. 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டி லே மீது மேகவெடிப்பு. மலைச்சரிவில் பிடிமானமாக மரமோ புல்லோ கிடையாது. சேறும் பாறையும் ஓடைத் தடங்களில் பாய்ந்தன. பேருந்து நிலையம், மருத்துவமனை, தொலைபேசி நிலையம் எல்லாம் அடிபட்டன. சோக்லம்சரில் வீடுகள் வரிசையாகப் புதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இரவு லே விமானப்படை வானிலை நிலையத்தில் பதிவான மழை 12.8 மில்லிமீட்டர்தான்; அவ்வளவு குறுகிய இடத்தில் கொட்டியிருக்கிறது. வளர்ந்த நகரம், காய்ந்து கிடந்த ஓடைப்படுகையைக் காலி மனையாகப் பார்த்ததால்தான் சாவு இவ்வளவு கூடியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 ஆகஸ்டில், கியா என்ற ஊருக்கு மேலே இருந்த சிறிய பனியாற்று ஏரி உடைந்து வயல்களையும் பாலங்களையும் கொண்டுபோனது. வரைபடத்தில் ஒரு புள்ளியளவு ஏரி அது.

பதுமுக்கு வருகிறேன். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கூமிக் என்ற கிராமம் இருக்கிறது. நாற்பது வீடு தேறாது. மேலேயிருந்த பனி குறைந்து ஓடை வற்றவே, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரையே இடம் மாற்றுவதென்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். கீழே, ஆற்றின் பக்கமாக, மார்தாங் என்ற வெற்றுச் சமவெளியில் வாய்க்கால் வெட்டி, மண் செங்கல் அறுத்துப் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். கூமிக்கில் விடுதியும் கிடையாது, ஷவரும் கிடையாது. சிக்கனமாக வாழ்ந்தும் தண்ணீர் தீர்ந்த ஊர் அது. அதன் பக்கத்து ஊரில் தாராளமாகச் செலவழிக்கும் வாழ்க்கையைக் கொண்டுவந்து வைக்கப் போகிறோம்.

பதுமின் அருகே இரண்டு ஆறுகள் கூடுகின்றன, அதற்கென்ன குறை என்று கேட்பார்கள். லேக்குக் கீழேயும் சிந்து ஓடுகிறது.

செயற்கைப் பனியாறுகளைக் காட்டி ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. அவற்றை நான் மதிக்கிறேன். பொறியாளர் செவாங் நோர்பெல் 1980-களிலிருந்து ஓடைநீரைத் தாழ்வான நிழல் சரிவுகளில் உறையவைத்து, விதைப்புக் காலத்தில் உருகும்படி செய்தார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சோனம் வாங்சுக்கின் பனிக் கூம்புகள் அதே யோசனையின் அடுத்த படி. ஆனால் இரண்டும் செய்வது ஒன்றுதான்: குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரை வசந்தத்துக்கு ஒத்திவைப்பது. மலையில் பனியே விழாத ஆண்டில் ஒத்திவைக்க ஒன்றுமிருக்காது. விடுதி ஷவருக்காக அவை கட்டப்படவுமில்லை.

பதுமில் இன்னும் செய்யக்கூடியவை இருக்கின்றன, லேயில் அவற்றுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு போடுமுன் அனுமதியும் மீட்டரும் கட்டாயமாக்கலாம். புது விடுதிக்கு உரிமம் கொடுக்கும்போதே உலர் கழிப்பறையை விதியாக்கலாம். ஓடைத் தடங்களை அளந்து, கட்டடம் கூடாது என்று நிலப்பதிவேட்டில் எழுதலாம். மாவட்டத் தலைநகர் என்றதும் அலுவலகங்களும் குடியிருப்புகளும்தான் முதலில் எழும். அரசுக் கட்டடமே ஃப்ளஷ் வைத்துக் கட்டிவிட்டால் விடுதிக்காரரிடம் பேச வாய் இருக்காது.

அங்கே போக நினைப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. அறை பதிவு செய்யும்போது ஷவர் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். உலர் கழிப்பறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு வாளி வெந்நீர் போதும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கடைத்தெருவில் புது விடுதிக்குக் கடைக்கால் தோண்டுகிறவர், வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் கட்டுவார்.