அந்தி ஒளியில் பறவைக் கூட்டம்

சிங்கப்பூரின் வடமேற்கில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் உள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் மார்ச் வரை உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி முதலிய வலசைப் பறவைகள் சைபீரியா போன்ற வடபகுதிகளிலிருந்து இங்கு வருகின்றன.

இப்பறவைகளைப் படமெடுக்க மாலை நேரம் ஏற்றது. சூரியன் தாழ்ந்திருப்பதால் ஒளி பொன்னிறமாக இருக்கும். சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் இறகுகளின் நிறம் தெளிவாகத் தெரியும். சூரியனை நோக்கி எடுத்தால் பறவைகள் கரிய நிழலுருவங்களாகத் தோன்றும். பறக்கும் பறவை மங்கலாகாமல் இருக்க, ஷட்டர் விநாடியில் 1000இல் ஒரு பங்கு நேரமே திறந்திருக்க வேண்டும். வெளிச்சம் குறையக் குறைய, கேமராவின் ஐ.எஸ்.ஓ. அளவைக் கூட்ட வேண்டும்.

கடல்நீர் ஏறும்போது சேற்றுநிலம் மூழ்கிவிடும். அப்போது பறவைகள் காப்பகக் குளங்களில் கூட்டமாக ஓய்வெடுக்கும். நீர் வடிந்ததும் இரைதேடிப் பறந்து செல்லும்.

சிலர், பறவைகள் ஒருசேரப் பறக்கும் காட்சிக்காகக் கைதட்டி அவற்றைக் கலைக்கின்றனர். இது தவறு. வடக்கே திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்காக அவை உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. கலைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பு வீணாகிறது.

எனவே, மாலையில் நீர் வடியும் நாளைக் கடலேற்ற அட்டவணையில் பார்த்துச் செல்லுங்கள். மறைவிடத்தில் அமைதியாகக் காத்திருங்கள். நேரம் வந்ததும் பறவைகள் தாமாகவே எழும்பும். அன்று நல்ல படம் கிடைக்காவிட்டாலும், மறுநாள் அவை அங்கே இருக்கும்.